அத்தியாயம் 7: குடும்பத்தோடு அல்சாஸ் ஒயின் பாதையில்

பிரான்ஸின் ஒயின் நாட்டைக் காரில் சுற்றத் திட்டமிடுகிறவர்கள் முதலில் செய்கிற தவறு, அகலக்கால் வைப்பது. போர்தோ, பர்கண்டி, ஷாம்பெய்ன், அல்சாஸ் என்று நான்கையும் ஒரே வாரத்தில் முடித்துவிட வரைபடத்தில் கோடு இழுப்பார்கள். போர்தோவிலிருந்து ஸ்ட்ராஸ்பூருக்கே 900 கிலோமீட்டருக்கு மேல். பின்சீட்டில் இருக்கும் எட்டு வயதுப் பிள்ளை அந்த வாரம் முழுக்கப் பார்க்கப்போவது நெடுஞ்சாலையும் பெட்ரோல் பங்கும்தான்.

ஒரே பகுதியைத் தேர்ந்தெடுங்கள். குழந்தைகளும் பெரியவர்களும் சேர்ந்து வருகிற முதல் பயணத்துக்கு நான் அல்சாஸைத்தான் சொல்வேன். வோஷ் மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் வடக்கே மார்லனைமில் தொடங்கி, தெற்கே டான் வரை சுமார் 170 கி.மீ. நீளும் இந்த ஒயின் பாதை 1953இல் திறக்கப்பட்டது. நடுப்பகுதியில் ஊருக்கு ஊர் நான்கைந்து கிலோமீட்டர்தான் இடைவெளி. கோட்டை, நாரை, குரங்கு, படகு என்று பிள்ளைகளுக்கான இடங்கள் தோட்டங்களுக்கு நடுவிலேயே கிடைக்கின்றன. பர்கண்டியில் டிஜோனிலிருந்து சாந்தனே வரை போகும் 60 கி.மீ. பாதை ஒயின் தெரிந்தவர்களுக்குச் சொர்க்கம். பிள்ளைகளுக்கு அரை நாளில் அலுத்துவிடும்.

எந்த மாதம்?

மே நடுவிலிருந்து ஜூன் இறுதி வரை முதல் தேர்வு. செப்டம்பர் இரண்டாவது. ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. பார்க்க அழகான காலம்தான். ஆனால் தோட்டக்காரர்களுக்கு உங்களோடு பேச நேரமிருக்காது, சாலையில் டிராக்டர்கள் ஊரும், பல ஊர்களில் தோட்டத்து நடைபாதைகளை நடந்து வருகிறவர்களுக்கு அடைத்துவிடுவார்கள். டிசம்பரில் கிறிஸ்துமஸ் சந்தைகளுக்காக உலகமே அங்கே வந்து நிற்கும்; அது வேறு வகைப் பயணம். குளிர்காலத்தில் நாரைப் பூங்காவும் குரங்கு மலையும் மூடியிருக்கும் என்பதால் பிள்ளைகளோடு போவதில் பொருளில்லை.

கிளம்புவதற்கு முன்: காகிதங்களும் கார் முன்பதிவும்

விசா பற்றித் தனி அத்தியாயம் இருக்கிறது. இங்கே காருக்கு வேண்டியவை மட்டும்.

1. இந்திய ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள். ஓராண்டுக்குச் செல்லும். இது தனியாகச் செல்லாது. மூல உரிமமும் கையில் இருக்க வேண்டும். செல்போனில் இருக்கும் நகலை வாடகைக் கவுண்டரில் ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்பிப் போகாதீர்கள்.

2. இரண்டு பேர் ஓட்டுவதாகப் பதிவு செய்யுங்கள். சிறு கூடுதல் கட்டணம் இருக்கலாம். ஒருவருக்குத் தலைவலி வந்தால் பயணம் நிற்காது. பதிவில் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால் காப்பீடு கைவிரித்துவிடும்.

3. கியர் எப்படிப்பட்டது என்று பாருங்கள். பிரான்ஸில் வாடகைக் கார்களில் கையால் கியர் மாற்றுபவை ஏராளம். ஸ்டியரிங் இடப்பக்கம் இருப்பதால் கியரை வலக்கையால் போட வேண்டும். இதுவரை இடப்பக்கச் சாலையிலேயே ஓட்டியவர் இத்தனை மாற்றங்களை ஒரே நாளில் பழக வேண்டாம். கூடுதல் பணம் ஆனாலும் ஆட்டோமேட்டிக் கேளுங்கள். ஆட்டோமேட்டிக் கார்கள் குறைவு என்பதால் சில மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும்.

4. கிரெடிட் கார்டு, காரைப் பதிவு செய்த ஓட்டுநரின் பெயரிலேயே இருக்க வேண்டும். டெபாசிட்டாக ஒரு பெருந்தொகையை அதில் நிறுத்தி வைப்பார்கள். அப்பாவின் பெயரில் கார், அம்மாவின் பெயரில் கார்டு என்றால் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பக்கூடும்.

5. குழந்தை இருக்கை. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உடல் அளவுக்கேற்ற இருக்கையில், பின்சீட்டில் உட்கார வேண்டும் என்பது சட்டம். வாடகைக்குக் கேட்கலாம், சொந்தமாகக் கொண்டுபோனால் ஐரோப்பிய அங்கீகார ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். "நான் மடியில் வைத்துக்கொள்கிறேன்" என்று பாட்டி சொன்னால் மறுத்துவிடுங்கள். பெல்ட் போடாத பிள்ளைக்காக ஓட்டுநருக்கு 135 யூரோ அபராதம். அபராதம் போனால் போகிறது, ஒரு திடீர் பிரேக்கில் மடியில் இருக்கும் குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது.

6. டிக்கியின் அளவு. ஐந்து பேர் உட்காரும் சிறிய கார் என்று விளம்பரத்தில் இருக்கும். அதன் டிக்கியில் இரண்டு பெரிய பெட்டிகள் போனால் அதிகம். நான்கு பேர் என்றால் ஸ்டேஷன் வேகன் வகை வண்டி கேளுங்கள். எத்தனை பெல்ட்டோ அத்தனை பேர்தான். நெருக்கி உட்காரும் பழக்கம் அங்கே செல்லாது.

குறிப்பு: பாரிஸ் புறநகரில் சித்தப்பா, மாமா என்று யாராவது இருந்து, "எதற்கு வாடகைக் கார், என் வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள்" என்று சொன்னால், முதலில் அவர் தன் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு போன் போடட்டும். பிரெஞ்சுக் காப்பீடு காரோடு சேர்ந்தது என்றாலும், பல ஒப்பந்தங்களில் வேறொருவர் ஓட்டத் தடையோ, விபத்தானால் பெரிய தொகையைக் கையிலிருந்து கட்டும் நிபந்தனையோ இருக்கும். கண்ணாடியில் கிரிதேர் எனப்படும் மாசு அளவு ஒட்டி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரை எங்கே எடுப்பது?

பாரிஸில் எடுக்காதீர்கள். இரவெல்லாம் விமானத்தில் தூங்காமல் வந்தவர், பழக்கமில்லாத பக்கத்தில், பாரிஸ் வெளிவட்டச் சாலையில் ஓட்டுவதைவிட ஆபத்தான தொடக்கம் இந்தப் பயணத்தில் வேறில்லை. ஸ்ட்ராஸ்பூர் அங்கிருந்து ஏறத்தாழ 490 கி.மீ.; சுங்கமும் உண்டு. அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சார்ல் த கோல் விமான நிலையத்திலிருந்தே நேரடி ரயில்கள் இருக்கின்றன.

ஸ்ட்ராஸ்பூரில் இரண்டு இரவு தங்கி, 142 மீட்டர் உயரக் கோபுரம் கொண்ட தேவாலயத்தையும் அதனுள்ளே இருக்கும் வானியல் கடிகாரத்தையும் கால்வாய்க் கரை வீடுகளையும் நடந்தும் டிராமிலும் பாருங்கள். நகரத்துக்குள் கார் சுமைதான். ஊரை விட்டுக் கிளம்பும் காலையில் காரை எடுங்கள்.

பாசெல்-முல்ஹவுஸ் விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே கட்டடத்தில் சுவிஸ் பக்கம், பிரெஞ்சுப் பக்கம் என்று இரண்டு வாசல்கள். காரை பிரெஞ்சுப் பக்கத்தில் பதிவு செய்யுங்கள். மாற்றிப் பதிவு செய்துவிட்டுக் கடைசி நேரத்தில் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று பெட்டிகளோடு அலைகிறவர்கள் நிறைய.

வாடகை வண்டி நிறுத்துமிடத்தில் 20 நிமிடம்

சாவி கையில் வந்ததும் கிளம்பிவிடாதீர்கள்.

1. காரைச் சுற்றி வந்து வீடியோ எடுங்கள். கீறல், சக்கர விளிம்பு, கண்ணாடி, எண்ணெய் அளவு, ஓடிய தூரம் எல்லாம் பதிய வேண்டும். ஒப்பந்தத்தில் குறிக்காத கீறல் இருந்தால் கிளம்புமுன் ஊழியரிடம் எழுதி வாங்குங்கள்.

2. ஒளிரும் மேல்சட்டையும் முக்கோண எச்சரிக்கைப் பலகையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் கட்டாயம். மேல்சட்டை டிக்கியில் இருக்கக் கூடாது. இறங்குமுன் போட வேண்டியது என்பதால் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

3. எரிபொருள் மூடியைத் திறந்து, டீசலா பெட்ரோலா என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

4. இருக்கை, கண்ணாடிகள், ஜிபிஎஸ் எல்லாவற்றையும் நின்றபடியே சரி செய்யுங்கள். ஓடும்போது செல்போனைக் கையில் எடுத்தால் அபராதம். காதில் இயர்போன் வைத்து ஓட்டுவதும் குற்றம்.

5. வைப்பரும் இண்டிகேட்டரும். நம் ஊர்க் கார்கள் பலவற்றில் இண்டிகேட்டர் வலக்கைப் பக்கம். அங்கே இடக்கைப் பக்கம். முதல் நாள் முழுக்க, திரும்பும்போதெல்லாம் வைப்பர் ஆடும். பிள்ளைகள் சிரிப்பார்கள், பின்னால் வருகிறவருக்கு மட்டும் நீங்கள் திரும்பப் போவது தெரியாது. நின்ற இடத்திலேயே பத்து முறை போட்டுப் பழகுங்கள்.

6. நிறுத்துமிடத்துக்குள்ளேயே இரண்டு சுற்று ஓட்டிப் பாருங்கள். இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டும்போது கார் தானாக வலப்பக்கம் ஒதுங்கும். நடைபாதை விளிம்பில் வலச் சக்கரம் உரசுவது புதியவர்களின் முதல் கீறல்.

பிரெஞ்சுச் சாலையில்

வலப்பக்கம் ஓட்டுவது அரை மணி நேரத்தில் பழகிவிடும். மறந்துபோகிற இடங்கள் மூன்று: ஆளில்லாத சாலையில் காலையில் காரை எடுக்கும்போது, பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது, ஒருவழிச் சாலையிலிருந்து இருவழிச் சாலைக்குத் திரும்பும்போது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் இந்த மூன்று இடங்களிலும் "வலப்பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதுதான் அவருடைய வேலை, செல்போன் பார்ப்பதல்ல.

*வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை.* இந்த விதியால்தான் வெளிநாட்டுக்காரர்கள் அதிகம் இடித்துக்கொள்கிறார்கள். பலகையோ விளக்கோ இல்லாத சந்திப்பில், வலப்பக்கச் சந்திலிருந்து வருகிற கார் எவ்வளவு சின்னச் சந்திலிருந்து வந்தாலும் நீங்கள் நின்று வழிவிட வேண்டும். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் வருவார், ஏனென்றால் உரிமை அவருடையது. வெள்ளை விளிம்போடு மஞ்சள் வைர வடிவப் பலகை இருந்தால் நீங்கள் போகும் சாலைக்கு முன்னுரிமை; அதே பலகையில் குறுக்கே கறுப்புக் கோடு விழுந்திருந்தால் அந்த முன்னுரிமை முடிந்துவிட்டது. ஒயின் கிராமங்களுக்குள் நுழைந்ததும் வேகத்தைக் குறைத்து, ஒவ்வொரு சந்தின் வாயையும் பார்த்துக்கொண்டே போங்கள்.

*ரவுண்டானாவில் இதற்கு நேர்மாறு.* உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு முன்னுரிமை. அவர் உங்கள் இடப்பக்கத்திலிருந்து வருவார். நின்று, இடம் பார்த்து நுழைந்து, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றுங்கள். எந்த வழியில் வெளியேறுவது என்று குழப்பமாக இருந்தால் இன்னொரு சுற்றுச் சுற்றுங்கள், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

*வேகம்.* நெடுஞ்சாலையில் 130, மழையில் 110. நடுவில் தடுப்புள்ள சாலைகளில் 110, மழையில் 100. சாதாரணக் கிராமச் சாலைகளில் பொதுவாக 80. ஊருக்குள் 50, பல ஊர்களில் 30. ஊர்ப் பெயர்ப் பலகையைத் தாண்டிய கணத்திலிருந்தே ஊர் வேகம்தான். தனியாக 50 என்று எழுதியிருக்க மாட்டார்கள். மூடுபனியில் 50 மீட்டருக்கு மேல் கண் தெரியவில்லை என்றால் எந்தச் சாலையாக இருந்தாலும் 50தான். கேமராக்கள் நிறைய. அபராதச் சீட்டு வாடகை நிறுவனத்துக்குப் போகும். உங்கள் விவரத்தைப் போலீசுக்குக் கொடுத்ததற்கென்று நிறுவனம் தனிக் கட்டணம் பிடிக்கும். அபராதம் தனியாக வரும்.

*சிவப்பு விளக்கு* சந்திப்புக்கு இந்தப் பக்கமே இருக்கும், எதிர்ப்பக்கத்தில் இருக்காது. கோட்டைத் தாண்டி நின்றுவிட்டால் பச்சை விழுந்ததே தெரியாது.

*ஹாரன்.* ஊருக்குள் உடனடி ஆபத்து என்றால் மட்டும். சைக்கிள்காரரைத் தாண்டும்போது ஊருக்குள் ஒரு மீட்டர், வெளியே ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும். இடமில்லையென்றால் பின்னாலேயே பொறுமையாகப் போங்கள். ஒயின் பாதையில் சைக்கிள்காரர்கள் அதிகம்.

ஸ்ட்ராஸ்பூரிலிருந்து தெற்கே கோல்மார் போகும் ஏ35 சாலைக்குச் சுங்கம் இல்லை. நகரை மேற்கே சுற்றிப்போகும் ஏ355இல் சுங்கம் உண்டு. ஜிபிஎஸ் உங்களை அதில் தள்ளிவிடக்கூடும். அமைப்பில் சுங்கச் சாலைகளைத் தவிர்க்கச் சொல்லிவிட்டால் போதும்.

எங்கே தங்குவது?

தினமும் இடம் மாறாதீர்கள். பெட்டி கட்டிப் பிரிப்பதிலேயே காலை போய்விடும். ரிபோவில்லேக்கும் கோல்மாருக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் ஜித் எனப்படும் சமையலறையுள்ள வீட்டை வாரத்துக்கு எடுங்கள். கோடைக்காலத்தில் பெரும்பாலும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமைதான் கொடுப்பார்கள். விமானச் சீட்டு வாங்குமுன் இதைப் பாருங்கள். வீட்டுக்குள்ளே கார் நிறுத்த இடம் உண்டா, படுக்கை விரிப்பு வாடகையில் சேர்ந்ததா, மாடிப்படி எவ்வளவு செங்குத்து என்று முன்பே கேளுங்கள். பழைய மரச்சட்ட வீடுகளின் படிகள் முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆகாது.

ஐந்து நாள் பாதை

ஒரு விதி: முதல் நாளையும் ஐந்தாம் நாளையும் தவிர, ஒரு நாளைக்கு 50 கி.மீ.க்கு மேல் ஓட்ட வேண்டாம். காலையில் பிள்ளைகளுக்கான இடம், பிற்பகலில் பெரியவர்களுக்கானது. வரிசையை மாற்றினால் நான்கு மணிக்கு அழுகை தொடங்கும்.

*நாள் 1: ஸ்ட்ராஸ்பூரிலிருந்து தங்குமிடம்.* ஓபர்நே வரை விரைவுச் சாலை, அதன்பின் பார், மிட்டல்பெர்கைம், தம்பாக் வழியே ஒயின் பாதை. ஓபர்நேயில் சாப்பாடு. இந்த நாளில் ஒயின் சுவைக்கவே வேண்டாம்; ஓட்டுகிறவர் சாலையைப் பழகட்டும். மளிகைக் கடை மூடுவதற்குள் போய்ச் சேருங்கள். அடுத்த நாள் ஞாயிறு என்றால் பெரும்பாலான கடைகள் திறக்காது.

*நாள் 2: கின்ட்சைம்.* காலையில் குரங்கு மலை. காட்டுக்குள் சுமார் 200 பார்பரி குரங்குகள் கூண்டில்லாமல் திரிகின்றன. தின்பண்டங்களைக் காரில் விட்டுவிட்டு உள்ளே போங்கள். பிற்பகல் ஓ-கூனிக்ஸ்பூர் கோட்டை. இடிந்து கிடந்த இதை 1900க்கும் 1908க்கும் இடையில் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் புதுப்பித்துக் கட்டினார். அல்சாஸ் அப்போது ஜெர்மனியின் கையில் இருந்தது. ஏறத்தாழ 757 மீட்டர் உயரம், வளைந்து வளைந்து ஏறும் சாலை. காரில் வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு முன்கூட்டியே மருந்து கொடுங்கள். உள்ளே குறுகலான சுழல் படிகள். தள்ளுவண்டி உதவாது, முதுகில் கட்டும் பைதான்.

*நாள் 3: உனாவிர், ரிக்விர், ரிபோவில்லே.* மூன்றும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். 1970களில் அல்சாஸில் நாரைகள் பத்து ஜோடிகூட இல்லாமல் அழியும் நிலைக்கு வந்தன. உனாவிரில் உள்ள மையம் வளர்த்து விட்ட பறவைகளும் சேர்ந்துதான் இன்று கூரைக்குக் கூரை கூடு. பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். அங்கிருந்து மதில் சூழ்ந்த தேவாலயத்தைத் தாண்டித் தோட்டத்துக்குள் நடக்கலாம். ரிக்விரின் பிரதான தெருவில் பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை சுற்றுலாப் பேருந்துக் கூட்டம். காலை ஒன்பதுக்கோ மாலை ஐந்துக்குப் பிறகோ போங்கள்.

*நாள் 4: கோல்மார்.* காருக்கு ஓய்வு கொடுக்கும் நாள். ஊருக்குள் சந்துகளில் நுழையாமல் வெளி நிறுத்துமிடத்தில் விட்டுவிடுங்கள். அண்டர்லிண்டன் அருங்காட்சியகத்தில் க்ரூனவால்ட் வரைந்த இசன்ஹைம் பலிபீட ஓவியம் இருக்கிறது. ஒரு மணி நேரம் போதும். அதில் ரத்தக் காட்சிகள் உண்டு என்று சின்னப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவைக்கலாம். பிறகு கால்வாயில் படகு. சுதந்திரதேவி சிலையை வடித்த பார்தோல்டி 1834இல் பிறந்தது இந்த ஊரில்தான்; வடக்கே ஒரு ரவுண்டானா நடுவில் 12 மீட்டர் உயரப் பிரதி நிற்கிறது.

*நாள் 5: எகிசைம், பிறகு உங்கர்சைம்.* எகிசைமின் தெருக்கள் வட்டத்துக்குள் வட்டமாக ஓடுகின்றன, பிள்ளைகளை முன்னால் நடக்கவிட்டாலும் தொலைந்துபோக மாட்டார்கள். உங்கர்சைமில், அல்சாஸின் பல ஊர்களிலிருந்து பிரித்தெடுத்த பழைய வீடுகளை மறுபடி நிறுத்திய திறந்தவெளி அருங்காட்சியகம். அரை நாள் வேண்டும். இரவு விழித்திருக்கத் தெம்பிருந்தால் டுர்க்கைமில் கோடை இரவுகளில் பத்து மணிக்கு விளக்கேந்தி வரும் காவலரோடு ஊர் சுற்றலாம்.

ஒயின் சுவைக்கும் இடத்தில்

குடும்பத்தில் யாருமே குடிப்பதில்லை என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிவிட வேண்டாம். நிலவறையையும், ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் ஓக் பீப்பாய்களையும் பார்க்கக் கிளாஸ் ஏந்தத் தேவையில்லை. போகுமுன் சொல்லிவிட்டால் மட்டும் போதும்.

1. ஒரு நாளைக்கு ஓர் இடம். இரண்டாவது இடத்தில் நாக்கும் பொறுமையும் இருக்காது.

2. முந்தைய நாளே போன் அல்லது மின்னஞ்சல். எத்தனை பேர், எத்தனை பிள்ளைகள் என்று சொல்லுங்கள். சிறு தோட்டங்கள் குடும்ப வீடுகளே. பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டு நேரம், அப்போது கதவைத் தட்டாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பலர் திறப்பதில்லை.

3. உள்ளே போனதும் யார் ஓட்டப்போகிறார் என்று சொல்லிவிடுங்கள். "ஜெ கோந்துயி" என்றால் "நான் ஓட்டுகிறேன்". அவருக்கு ஊற்ற மாட்டார்கள், அல்லது துப்பும் பாத்திரத்தைப் பக்கத்தில் நகர்த்தி வைப்பார்கள்.

4. இனிப்பில்லாததிலிருந்து இனிப்பானதை நோக்கிப் போங்கள். ரீஸ்லிங், பிறகு பினோ கிரி, பிறகு கெவுர்ஸ்ட்ராமினர், கடைசியில் தாமத அறுவடை ஒயின். தலைகீழாகத் தொடங்கினால் ரீஸ்லிங் வெறும் புளிப்பாகத் தெரியும்.

5. துப்புவதில் வெட்கம் வேண்டாம். தொழில்காரர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள்.

6. சிறு தோட்டத்தில் இலவசமாக ஊற்றினால், இரண்டு பாட்டிலாவது வாங்குவது மரியாதை. பிடிக்கவில்லையென்றால் பிள்ளைகளுக்குத் திராட்சைச் சாறாவது வாங்குங்கள்.

*ஓட்டுகிறவரின் கணக்கு.* சட்டப்படி ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் வரைதான். உரிமம் வாங்கி மூன்று ஆண்டு ஆகாதவருக்கு 0.2, அதாவது ஒரு கிளாஸும் கூடாது. சுவைக்க ஊற்றுவது ஒவ்வொன்றும் நான்கு சென்டிலிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஐந்து வகை சேர்ந்தால் 20 சென்டிலிட்டர், இரண்டு முழுக் கிளாஸ். மெலிந்த உடல்காரர் ஒருவர் அதிலேயே எல்லையைத் தாண்டிவிடுவார். உடல் அதைக் கழிக்கும் வேகம் மணிக்கு 0.10 முதல் 0.15 கிராம் வரை. காப்பியோ குளியலோ அதைக் கூட்டாது. "கொஞ்சம்தானே" என்று அளந்துகொண்டிருப்பதைவிட, இன்று ஓட்டுகிறவர் துளியும் விழுங்குவதில்லை, நாளை இருவரும் மாற்றிக்கொள்வது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை: அறுவடைக் காலத்தில் நிலவறைக்குள் பிள்ளைகள் தனியாக ஓடக் கூடாது. சாறு நொதிக்கும்போது வெளிவரும் கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். குட்டையானவர்களைத்தான் அது முதலில் தாக்கும். தோட்டக்காரர் அழைத்துப்போகும் இடம் வரை மட்டும், அவர் பின்னாலேயே போங்கள்.

தோட்டத்தில் நடக்கும்போது

கொடியில் தொங்கும் பழத்தைப் பறிக்காதீர்கள். அது ஒருவருடைய விளைச்சல், மருந்தும் அடித்திருப்பார்கள். மருந்து தெளிக்கும் டிராக்டர் தெரிந்தால் வேறு வழியில் திரும்புங்கள். அல்சாஸ் காடுகளிலும் புல்வெளிகளிலும் உண்ணிகள் அதிகம். லைம் நோயைப் பரப்பும். நடந்து வந்த அன்றிரவே பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம், தலைமுடி எல்லாம் பாருங்கள். உண்ணி எடுக்கும் சிறு கொக்கி எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். கடித்த இடத்தில் சில நாளில் சிவப்பு வட்டம் பரவினால் மருத்துவரிடம் போங்கள். ஊர் நடுவில் இருக்கும் அழகான நீரூற்றுகளில் பாட்டிலை நிரப்புமுன், குடிக்க ஆகாது என்ற பலகை இருக்கிறதா என்று கவனியுங்கள்.

சாப்பாடு

அல்சாஸ் சமையலில் பன்றி இறைச்சி எங்கும் இருக்கும். ஷுக்ரூத், பேக்கஒஃப் இரண்டும் இறைச்சிதான். பிள்ளைகளுக்குப் பிடிப்பது தார்த் ஃப்லாம்பே: மெல்லிய மாவின் மேல் கிரீமும் வெங்காயமும் பரப்பிச் சுட்டது. வழக்கமாக அதன் மேல் பன்றித் துண்டுகள் தூவுவார்கள்; "ஸான் லார்தோன்" என்று சொன்னால் இல்லாமல் தருவார்கள். மரக்கறி மட்டும் உண்பவர்கள் "ஸான் வியாந்த், ஸான் புவாசோன்" என்று இறைச்சியையும் மீனையும் சேர்த்தே விலக்கிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மீனை மரக்கறிக் கணக்கில் வைத்துவிடுகிறவர்கள் உண்டு. "கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசம்.

மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை. இரண்டரைக்குப் போய் நின்றால் அடுப்பை அணைத்திருப்பார்கள். இரவு உணவு ஏழுக்குத்தான் தொடங்கும். அதற்கு முன்பே பசிக்கிற பிள்ளைகளுக்கு ஜித்தின் சமையலறை கைகொடுக்கும்: பல்பொருள் அங்காடியில் நீளமான அரிசியும் நல்ல தயிரும் கிடைக்கின்றன. தாளிக்குமுன் ஜன்னலைத் திறந்துவிடுங்கள். புகை உணர்வான் கத்தத் தொடங்கினால் தெருவே எட்டிப்பார்க்கும்.

பெட்ரோல், பார்க்கிங், பெட்டிகள்

"கசோல்" என்று எழுதியிருப்பது டீசல். கேஸலின் என்று நினைத்துப் பெட்ரோல் காரில் நிரப்புகிறவர்கள் உண்டு. பெட்ரோலுக்கு "ஸான் பிளோம்", பெரும்பாலும் பச்சைக் குழாய், டீசலுக்கு மஞ்சள். நீங்கள் முதல் நாள் எடுத்த படத்தோடு ஒப்பிட்டுவிட்டுக் குழாயை எடுங்கள். தவறாக நிரப்பிவிட்டால் எஞ்சினை முடுக்காதீர்கள். சாவியைத் தொடாமல் வாடகை நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். பல்பொருள் அங்காடிகளின் பங்குகளில் விலை குறைவு.

கிராமங்களின் மதிலுக்கு வெளியே கட்டண நிறுத்துமிடங்கள் இருக்கும். நீல நிறக் கோடு போட்ட இடத்தில், வந்த நேரத்தைக் காட்டும் அட்டையைக் கண்ணாடிக்குள் வைக்க வேண்டும். வெளியே தெரியும்படி பையோ செல்போனோ வைக்காதீர்கள். நிறுத்துமிடத்துக்கு வந்தபின் டிக்கியைத் திறந்து பைகளை ஒளித்தால், அதை யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிளம்புமுன்பே ஒளித்துவிடுங்கள். பாஸ்போர்ட் உடம்போடு.

ஏதாவது நடந்தால்

1. காரை ஓரம் கட்டி, அபாய விளக்கைப் போடுங்கள்.
2. உட்கார்ந்தபடியே ஒளிரும் மேல்சட்டையை அணிந்து, போக்குவரத்து இல்லாத பக்கமாக எல்லோரையும் இறக்குங்கள்.
3. நெடுஞ்சாலை என்றால் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நில்லுங்கள். அங்கே முக்கோணப் பலகை வைக்க நடந்து போகாதீர்கள்; உயிருக்கு ஆபத்து.
4. 112ஐ அழையுங்கள். மருத்துவத்துக்கு 15, போலீசுக்கு 17, தீயணைப்புக்கு 18.
5. சிறு உரசல் என்றால் இரு ஓட்டுநர்களும் சேர்ந்து நிரப்பும் விபத்துப் படிவம் காரிலேயே இருக்கும். புரியாததில் கையெழுத்துப் போடாதீர்கள். படம் எடுத்து வாடகை நிறுவனத்துக்கு அனுப்பிக் கேளுங்கள்.

கடைசி நாள்

வாங்கிய பாட்டில்களைக் கோடை வெயிலில் டிக்கியில் விட்டால் ஒயின் வெந்துவிடும். ஊர் திரும்பும் முந்தைய நாள் வாங்குவதே நல்லது. கைப்பையில் எடுத்துப்போக முடியாது. துணியில் சுற்றிப் பெரிய பெட்டியின் நடுவில் வையுங்கள். இந்தியச் சுங்கம் ஒரு பெரியவருக்கு 2 லிட்டர் வரை வரியில்லாமல் விடுகிறது. முழுப் பாட்டில் 750 மில்லி என்பதால் மூன்று எடுத்தால் எல்லை தாண்டும். இரண்டு முழுப் பாட்டிலும் இனிப்பு ஒயினில் ஓர் அரைப் பாட்டிலும் எடுத்தால் சரியாக உள்ளே அடங்கும்.

காரைத் திருப்பும் இடத்துக்கு 10 கி.மீ.க்குள் எண்ணெய் நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அலுவலக நேரத்தில் திருப்பி, ஊழியர் முன்னிலையில் பார்த்துக் கையெழுத்து வாங்குங்கள். ஞாயிறு என்று சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டு வர நேர்ந்தால், நிறுத்திய இடத்தின் எண் தெரியும்படி காரைச் சுற்றி மறுபடி ஒரு வீடியோ எடுங்கள். டெபாசிட் கார்டுக்குத் திரும்பி வரும் வரை அதை அழிக்காதீர்கள்.